காது கொடுத்தவன்

அவன் முன்னால் உட்கார்ந்து பத்து நிமிடத்துக்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தவர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. பெற்ற பிள்ளையிடம்கூட கையிருப்பைச் சொல்லாத அழுத்தக்காரர்கள், பங்காளி முகத்தில் முழிக்க மாட்டேன் என்று பத்து வருடம் வைராக்கியமாக இருந்தவர்கள், எல்லாரும் அவனிடம் கொட்டினார்கள். நானும் கொட்டினேன். அந்தக் கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

பெயர் வேண்டாம். ஒல்லி உடம்பு, வெளுத்த நீலச் சட்டை, நெற்றியில் சின்னதாகத் திருநீறு. பார்த்தால் மெடிக்கல் ஷாப்பில் மருந்து எடுத்துக்கொடுக்கிற ஆள் என்றுதான் தோன்றும். நான் அவனைச் சந்தித்தபோது அவனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். எனக்கு ஐம்பத்து மூன்று. இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விவரம் தெரியாத பிள்ளை ஏமாந்துவிட்டது என்று எனக்காக யாரும் இரக்கப்படக் கூடாது.

இருபத்தேழு வருடம் தேனியில் ஒரு நூல் மில்லில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். மில்லை மூடினார்கள். செட்டில்மென்ட் கொடுத்தார்கள். "பேங்க்குல போட்டுட்டுப் பேசாம இருங்க" என்றாள் என் மனைவி. பேசாமல் இருக்கிற ஆளா நான்? நாள் முழுக்க போனில் வீடியோ பார்த்தேன். கோட்டுப் போட்ட ஒருவர் வெள்ளைப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு, கையில் முதல் இல்லாமல் நிலத்தில் சம்பாதிப்பது எப்படி என்று ஏழு பாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏழையும் பார்த்து நோட்டில் குறிப்பெடுத்தேன். தலை நரைத்த மனுஷன் பரீட்சைக்குப் படிக்கிறதைப் பார்த்து என் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த நோட்டோடு பத்திர ஆபீஸ் எதிரில் இருக்கிற டீக்கடைக்குப் போனபோதுதான் அவன் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தான்.

"உக்காருங்கண்ணே. இடம் வாங்கவா, விக்கவா?"

நான் நோட்டைப் பிரித்தேன். அவன் போனை சைலன்ட்டில் போட்டு, திரை கீழே இருக்கும்படி பெஞ்சில் கவிழ்த்து வைத்தான். அவ்வளவுதான் அவன் செய்தது. அடுத்த ஒரு மணி நேரம் நான்தான் பேசினேன். மில் கதை, மேனேஜர் கதை, செட்டில்மென்ட் எவ்வளவு என்கிற கதை, அதில் பாதியைத் திருப்பூரில் இருக்கும் என் மகன் கடை வைக்கக் கேட்டது, நான் மாட்டேன் என்றது, மகன் பட்டென்று போனைத் துண்டித்தது. மூச்சு வாங்க நான் நிறுத்தும்போதெல்லாம் "அப்புறம்ணே?" என்றான். அந்த ஒரு சொல்லை அவன் சொல்கிற மாதிரி இன்னொருவர் சொல்லி நான் கேட்டதில்லை. அதில் அவசரம் இருக்காது, ஆவலும் இருக்காது, நாம் சொல்வதற்காகவே காலையில் எழுந்து குளித்துவிட்டு வந்தவன் என்று நமக்குத் தோன்றும். வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் தொழிலைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் வந்துவிட்டது உறைத்தது.

தொழிலை மறுநாள் இரண்டு வரியில் சொன்னான். "நிலத்த வாங்கவே கூடாதுண்ணே. அக்ரிமென்ட்ட வாங்கணும், அக்ரிமென்ட்ட விக்கணும்."

நிலக்காரரிடம் ஒரு விலை பேசி, கொஞ்சம் அட்வான்ஸ் கொடுத்து, ஆறு மாதம் கெடு வைத்து ஒப்பந்தம் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த ஒப்பந்தத்தில் 'தங்களுக்கோ, தாங்கள் காட்டும் நபருக்கோ கிரயம் செய்து கொடுக்கச் சம்மதிக்கிறேன்' என்று ஒரு வரி இருக்கும். கெடு முடிவதற்குள் கூடுதல் விலைக்கு வேறொருவரைப் பிடித்து, அவரை அந்த 'காட்டும் நபர்' ஆக்கிவிட்டால் நிலம் நேரே அவர் பெயருக்குப் போய்விடும். நடுவில் நிற்கிற வித்தியாசம் நமக்கு. இதற்குக் கைமாற்றிவிடுவது என்று பெயர். கோட்டுக்காரர் ஏழு பாகத்தில் சொன்னதும் இதேதான். அட்வான்ஸ் என் பணம், ஆள் பிடிப்பது அவன் வேலை, லாபத்தில் பாதிப் பாதி என்று பேசிக்கொண்டோம்.

முதல் இடம் கம்பத்துக்குக் கிழக்கே ஒரு திராட்சைத் தோட்டம். தோட்டக்காரருக்கு எழுபது வயது. பந்தலுக்கு அடியில் எங்களுக்கு இரண்டு நாற்காலி போட்டார். நான் ஒன்றில் உட்கார்ந்தேன். அவன் நாற்காலியைத் தள்ளிவைத்துவிட்டு உர மூட்டை மேல் உட்கார்ந்தான். விற்கிறவரைவிடத் தாழ்வான இடத்தில்தான் அவன் எப்போதும் உட்காருவான். பத்திரத்தை அவர்களே எடுத்து நீட்டினாலும் தொட மாட்டான். "இருக்கட்டும்யா, அதுக்கென்ன அவசரம்" என்பான்.

பெரியவர் பேச ஆரம்பித்தார். மூன்று போகம் தொடர்ந்து அடிச்சாம்பல் நோய் விழுந்த கதை. வெட்டுகிற வாரத்தில் மழை பிடித்துப் பழமெல்லாம் வெடித்த கதை. பழைய வியாபாரி போனை எடுக்காத கதை. அப்புறம் மனைவியின் சிறுநீரகம், மதுரையில் ஆபரேஷன், வரும் இருபத்தைந்தாம் தேதிக்குள் கட்ட வேண்டிய தொகை. சொல்லச் சொல்ல அவர் குரல் உடைந்தது. அவன் எழுந்து போய்ப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தான். விலை என்கிற சொல் அன்றைக்கு எங்கள் பக்கத்திலிருந்து வரவே இல்லை. புறப்படும்போது பெரியவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

திரும்பி வரும்போது பைக்கில் பின்னால் உட்கார்ந்து, "பாவம்யா அந்த மனுஷன்" என்றேன்.

"பாவந்தாண்ணே. இருபத்தஞ்சாந் தேதின்னாருல்ல? இருபத்திரண்டு வரைக்கும் நாம அந்தப் பக்கம் தலகாட்டக் கூடாது."

பைக்கை நிறுத்தச் சொல்லி அவனை அதட்டினேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் நான் "அதுவும் சரிதான்" என்றேன். இருபத்திரண்டாம் தேதி ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போனோம். அவன் முதலில் பெரியவர் மனைவியின் கட்டிலருகே போய் அரைமணி நேரம் உட்கார்ந்து அந்த அம்மா சொன்னதையெல்லாம் கேட்டான். வெளியே வந்ததும் பெரியவரே விலையைக் குறைத்துக்கொண்டார். நாங்கள் வாயைத் திறக்கவில்லை. "சொந்தக்காரன் ஒருத்தன் எட்டிப் பாக்கல. நீங்கதான் வந்தீக" என்றார். அந்த ஒப்பந்தம் ஐந்து வாரத்தில் கைமாறியது. என் பங்கில் மனைவிக்கு இரண்டு வளையல் எடுத்துக் கொடுத்தேன். அவளும் அதோடு சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

கேத வீடு ஒன்றையும் அவன் விடமாட்டான். உத்தமபாளையத்திலிருந்து ஆண்டிபட்டி வரைக்கும் எங்கே சாவு விழுந்தாலும் மாலையோடு நிற்பான். மகன்கள் பக்கம் போக மாட்டான். கட்டிக்கொடுத்த மகள்கள் எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறார்களோ அங்கே போவான். "அப்பா கடைசியா என்ன பேசுனாகக்கா?" என்று ஒரு கேள்வி. அந்தப் பெண் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிடும். எந்த அண்ணன் எந்தத் தோட்டத்தை உழுகிறான், யார் இன்னும் தன் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லை, யாருக்கு யார்மேல் கசப்பு, எல்லாம். பதினாறாம் நாள் காரியத்துக்குள் அந்தக் குடும்பத்து நிலவரம் குடும்பத்தாரைவிட அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். ஆனால் அவன் நடிக்கிறான் என்று மட்டும் என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. ஒரு வீட்டில் அந்தப் பெண்ணோடு சேர்ந்து அவன் கண்ணும் கலங்கியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கலங்கிய கண்ணோடு வெளியே வந்து, "ரெண்டாவது மகதாண்ணே இன்னும் கையெழுத்துப் போடல" என்றான்.

அந்த ஒன்றரை வருடத்தில் நாங்கள் பைக்கில் போகாத ஊர் இல்லை. போகிற வழியெல்லாம் நான் பேசுவேன். அவன் தலையை லேசாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே ஓட்டுவான். ஒருநாள் என் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். எங்கள் வயலுக்குப் பின்னால் வயல் வைத்திருந்தவருக்கு அப்பா நாற்பது வருடம் வழி விட்டிருந்தார். எழுத்து கிடையாது, வாய்ச்சொல்தான். ஒருமுறை அந்த மனிதர், பிற்காலத்தில் பிள்ளைகளுக்குள் தகராறு வேண்டாமே, பாதையை எழுதி வைத்துக்கொள்வோமா என்று கேட்டுவிட்டார். அப்பாவுக்கு முகம் செத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பாதையை எழுதி வாங்குவது பேச்சுவார்த்தை அற்றுப்போன பங்காளிகள் செய்கிற காரியம். கூட உட்கார்ந்து சாப்பிட்டவனிடம் அதைக் கேட்டால், நீ நாளைக்கு என் வழியை மறிப்பாய் என்று முகத்துக்கு நேரே சொல்வதாக அர்த்தம். அப்பா சாகிறவரைக்கும் வழியும் விட்டார், அந்த வீட்டில் பச்சைத்தண்ணீரும் குடிக்கவில்லை. "எங்க வீட்டுல எல்லாருக்குமே இந்த ரோசம் உண்டு" என்று பெருமையாகச் சொல்லி முடித்தேன்.

"அப்புறம்ணே?" என்றான்.

அப்புறம் என் அக்கா. எனக்கு ஆறு வயது மூத்தவள். சின்னமனூரைத் தாண்டி மெயின் ரோட்டை ஒட்டி அவளுக்கு ஒரு ஏக்கர் பதினைந்து சென்ட் தென்னந்தோப்பு. ரோட்டோரமாக எண்பது சென்ட். அதற்குப் பின்னால் முப்பத்தைந்து சென்ட்டில் வீடு, கிணறு, மாட்டுக்கொட்டம், இரண்டு கறவை மாடு. மாமா செத்து நான்கு வருடம் ஆகியிருந்தது. நாற்பதைத் தாண்டித் தவமிருந்து பெற்ற ஒரே மகளுக்குப் போடிப் பக்கம் மாப்பிள்ளை கூடிவந்தது. கல்யாணத்துக்கு முன்பக்கத்தை விற்றுவிடலாம் என்று அக்கா முடிவு செய்து என்னைக் கூப்பிட்டாள்.

"முன்னாடி போனாப் போகுதுடா. பின்னாடி வீடும் கெணறும் நான் சாகுற வரைக்கும் எனக்கு வேணும். மாமா கட்டுன வீடு. அங்கன இருந்துதான் என்னையத் தூக்கிட்டுப் போகணும். அதுக்குக் கொறையில்லாம ஒரு ஆளப் பாரு."

நான் அவனைத்தான் கூட்டிக்கொண்டு போனேன். வேறு யாரைக் கூட்டிக்கொண்டு போவேன்? கையில் தொழில், பக்கத்தில் கூட்டாளி, வீட்டுக்குள்ளேயே நிலம். அக்கா நிலத்தில் நான் லாபம் பார்க்கலாமா என்று அவனிடம் ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "வேற ஆள் கொடுக்குறதவிட அக்காவுக்குக் கூடத்தாண்ணே கொடுக்கப் போறோம். அதுக்கு மேல வர்றதுதான் நமக்கு" என்றான். கேட்க நன்றாக இருந்தது.

நான்கு நாள் மத்தியானம் வந்தான். கொட்டத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்துகொள்வான். அக்கா முறத்தில் பயறு புடைத்துக்கொண்டே பேசுவாள். மாமா சாவதற்கு முந்தின வாரம் நடந்ததை அவள் எனக்குக்கூடச் சொன்னதில்லை. சொல்ல வந்திருப்பாள், நான் நின்று கேட்டிருக்க மாட்டேன். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மாமா வீட்டுக்குப் போகணும் என்று கையைப் பிடித்து இழுத்ததும், இவள் இன்னும் இரண்டு நாள் பொறுங்கள் என்றதும், இரண்டாம் நாள் அவர் போய்விட்டதும். அவன் இமை கொட்டாமல் கேட்டான். செவலை மாடு எந்த வேளைக்கு எத்தனை படி கறக்கும் என்பது வரைக்கும் நினைவு வைத்திருந்து மறுநாள் விசாரித்தான். "ஏலே, இத்தன வயசுல நீ ஒருநா என்கிட்ட இப்பிடி உக்காந்து கேட்டிருக்கியா?" என்று அக்கா என்னைக் குத்தினாள். நான் சிரித்தேன்.

விலையில் அவன் ஒரு பைசா பேரம் பேசவில்லை. அக்கா சொன்னதற்கு மேல் சென்ட்டுக்குக் கொஞ்சம் கூட்டியே கொடுத்தான். ஊரே மெச்சியது. ஒப்பந்தம் எழுதப் பத்திர எழுத்தர் ஆபீசுக்குப் போனோம். கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்த ஆள் நான்கு எல்லையையும் அடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"பின்னாடி முப்பத்தஞ்சு சென்ட்டு இருக்கே, அதுக்குப் பாதை எதுல? முன்னாடி இடத்துல எத்தன அடின்னு எழுதணுமே."

நான் அவனைப் பார்த்தேன். அவன் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தான். எப்போதும் கேட்பது போலவே, கொஞ்சம் சாய்ந்து, அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று பொறுமையாகக் காத்திருந்தான்.

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பாதைய எழுதி வாங்குறதுக்கு நாங்க என்ன வெட்டுக்குத்துப் பங்காளிகளா? நாலு நாளா என் வீட்டுல சாப்புட்ட பிள்ளைகிட்ட வழிய எழுதிக்கொடுன்னு கேக்கவா? அதெல்லாம் எழுத வேணாம்."

டைப்பிஸ்ட் என்னைப் பார்த்தார். இருபத்தேழு வருடம் ஒரு போல்ட்டு நட்டுக்கூட எழுத்தில்லாமல் வெளியே விடாத ஸ்டோர் கீப்பர் நான். "எங்க வீட்டுல அந்தப் பழக்கம் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, அக்கா கையெழுத்துக்குக் கீழே சாட்சிக் கையெழுத்தும் போட்டேன். போடும்போது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

மூன்று மாதத்தில் மதுரைக்காரர் ஒருவருக்குக் கைமாறியது. அவர் பிளாட் போட்டு விற்கிறவர். பத்திரம் நேரே அவர் பெயருக்குப் போனது. அந்தப் பத்திரத்திலும் பாதை இல்லை. என் பங்கு வந்தது, எடுத்துக்கொண்டேன். தென்னைகளை வெட்டினார்கள், கல் ஊன்றினார்கள். வரைபடத்தில் ரோடு அக்கா வீட்டுக்கு இரண்டு பிளாட் தள்ளியே திரும்பிக்கொண்டது. கடைசியாகச் சுவர் வந்தது. மாட்டுக்கொட்டத்தில் நின்று கை நீட்டினால் தொடலாம், அவ்வளவு பக்கத்தில்.

அக்கா பால் கேனைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரை வழியாகப் பக்கத்துத் தோட்டத்துக்குள் இறங்கி ரோட்டுக்கு வந்தாள். பக்கத்துத் தோட்டக்காரர் மூன்று வாரம் பொறுத்தார். "எங்களுக்கும் நாளைக்கு விக்கிற இடந்தாம்மா. பழகி விட்டா அப்புறம் பாதைம்பீக" என்று முள்ளை வெட்டிப் போட்டார். வைக்கோல் வண்டி வர வழியில்லை. கேஸ் சிலிண்டரை ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போனார்கள். வக்கீல் ஒருவரிடம் போனோம். "அவசியப் பாதைன்னு கேஸ் போடலாம், ஜெயிக்கவும் செய்யலாம். ஆனா வருஷக்கணக்கா ஆகும்மா" என்றார். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. கோர்ட்டுக்குப் போகிற வீட்டில் பெண் எடுக்க மாட்டோம் என்று போடியிலிருந்து ஜாடையாகச் சொல்லி அனுப்பினார்கள்.

நான் டீக்கடைக்குப் போனேன். அவன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"துரோகி. எங்கக்கா வீட்டுல உக்காந்து தின்னயேடா."

"சொல்லுங்கண்ணே" என்றான். நான் கத்தி முடிக்கிறவரைக்கும் காத்திருந்தான். பிறகு மெதுவாக, "நான் எந்த இடத்துல பொய் சொன்னேன்? நீங்களே சொல்லுங்க" என்றான்.

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அந்த நான்கு மத்தியானத்திலும் அவன் மொத்தமாகப் பத்து வரி பேசியிருந்தால் அதிகம்.

"டைப்பிஸ்ட்டே கேட்டாருல்லண்ணே. நான் வேணாம்னேனா? மதுரைக்காரரு, பின்னாடி எடத்துக்குப் பாதை உண்டான்னு கேட்டாரு. பத்திரத்துல என்ன இருக்கோ அதுதான்னேன். பாதை இல்லாத எடம்னதும் அவரு வெலயக் கூட்டிக்கொடுத்தாரு. பின்பக்கமும் எப்பிடியும் சல்லிசா அவருகிட்டயே வந்துரும்ல. அந்தக் கூட்டுனதுல பாதி உங்களுக்கும் வந்துச்சே."

வந்திருந்தது. என் பங்கு எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்ததற்கு அவன் சாமர்த்தியம் என்று நினைத்து அன்றைக்கு அவனுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்திருந்தேன். பைக்கில் போகும்போது அப்பாவின் ரோசத்தைச் சொன்னவன் நான். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் டைப்பிஸ்ட் கேட்ட கேள்விக்கு அவன் அத்தனை நிம்மதியாக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பானா? இந்த ஒரு கேள்வியை நான் யாரிடமும் கேட்டதில்லை.

அக்கா வீட்டுக்கு அவன் போனது பிறகுதான் எனக்குத் தெரியும். பக்கத்துத் தோட்டத்தில் சொல்லி முள்ளை விலக்கிக்கொண்டு போயிருக்கிறான். அதே தொட்டி மேல் உட்கார்ந்திருக்கிறான். காலையில் போனவன் வெயில் சாய்கிறவரைக்கும் இருந்திருக்கிறான். அக்கா அவனைத் திட்டி, மண்ணை வாரித் தூற்றி, அழுது, களைத்து, மறுபடி மாமாவைப் பற்றிப் பேசி, மகளைப் பற்றிப் பேசி, கடைசியில் அவளே, "இதையும் நீயே யார்கிட்டயாவது கொடுத்துருப்பா, என்னால வேலி தாண்ட முடியல" என்றிருக்கிறாள். முன்பக்கம் போன விலையில் கால்வாசிக்கு முப்பத்தைந்து சென்ட்டும் வீடும் கிணறும் அதே மதுரைக்காரருக்குப் போயின. மாடுகளுக்கும் அவனே ஆள் பார்த்தான். மாட்டுக்கு மட்டும் நல்ல விலை.

விஷயம் தெரிந்து நான் ஓடினேன். என் பங்காக வந்த பணத்தை மஞ்சள் பையில் வைத்துக் கொண்டுபோனேன். சின்னமனூரில் அரிசி மில்லுக்குப் பின்னால் ஒற்றை அறை வாடகை வீட்டில் அக்கா சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் பொம்பள, ரோசத்துல வாய்விட்டுட்டேன்" என்றாள். "நீ கூடப் பொறந்தவன். பத்திர ஆபீசே கதின்னு கெடக்குறவன். அக்கா, நீ சும்மா இரு, எழுதட்டும்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

"அவன்தானக்கா நம்மள..."

"அந்தத் தம்பியச் சொல்லாத. அது வெளியாளு. அது வயித்துப்பாட்டப் பாத்துச்சு. அப்பயும் நான் அழுதப்ப வந்து ஒரு பொழுது முழுக்க உக்காந்து கேட்டுச்சு. நீ எங்க போயிருந்த?"

வக்கீல் வீட்டில் இருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னாலும் அவள் காதில் ஏறியிருக்காது. பையை நீட்டினேன். அவள் அதைத் தொடவில்லை. "நீயே வச்சுக்க. நாளைக்கு உன் வீட்டுக்கு வழி வேணும்னா வாங்கிக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுப்பைத் துடைக்கப் போனாள். அவள் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு அது.

கல்யாணப் பத்திரிகை எனக்கு வரவில்லை. வராவிட்டாலும் நான் தாய்மாமன். என் மனைவி போக வேண்டாம் என்று அழுதாள். நான் வேட்டி சட்டையோடு, மருமகளுக்கு எடுத்த பட்டுச்சேலையோடு போடிக்குப் போனேன். மண்டபத்துக்குள் நுழைந்தபோது மேளம் உச்சத்தில் இருந்தது. மேடையில் மணப்பெண்ணுக்குத் தாய்மாமன் மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

போட்டுக்கொண்டிருந்தது அவன். புது வேட்டி, தோளில் பட்டுத் துண்டு, நெற்றியில் அக்கா இட்ட சந்தனம். சீர்த்தட்டு ஒன்றுக்கும் குறைவில்லை, இருபத்தியொரு தட்டு வரிசையாக வைத்திருந்தான். என் மருமகள் குனிந்து அவன் காலைத் தொட்டாள். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள், பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டாள். சொந்தக்காரர்கள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அக்கா ஒவ்வொருவரிடமும் சொல்லிவைத்திருக்க வேண்டும்.

அவனை எல்லார் முன்னாலும் அடிப்பது என்று தீர்மானித்துத்தான் பந்திக் கூடத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அவனே இறங்கி வந்தான்.

"வாங்கண்ணே. எப்ப வந்தீக? சாப்புட்டீகளா?" என்றான். என் கையில் இருந்த சேலைப் பையைப் பார்த்தான். முகத்தில் கேலி இல்லை, வெற்றி இல்லை, சங்கடம்கூட இல்லை. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்து என்னை உட்காரவைத்தான். அவன் கீழே, படியில் உட்கார்ந்தான். போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தான்.

"ரொம்ப எளச்சுட்டீகளேண்ணே. மனசுல என்ன? சொல்லுங்க."

கையை ஓங்கியிருக்க வேண்டும். இத்தனை வாரமாக என் வீட்டில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டிருக்கவில்லை. மனைவி அழுவாள், மகன் போனை எடுக்க மாட்டான், அக்கா இல்லை. அக்கா என்னைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டதைச் சொன்னேன். ராத்தூக்கம் இல்லாததைச் சொன்னேன். மகன் திருப்பூரில் கடன் வாங்கிக் கடை வைத்து மாட்டிக்கொண்டு போன வாரம் மனைவிக்கு மட்டும் போன் செய்ததை, அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் கட்டாவிட்டால் கடைக்குப் பூட்டுப் போட்டுவிடுவார்கள் என்றதைச் சொன்னேன். பேசப் பேச நெஞ்சு லேசானது. அவன் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்புறம்ணே?"

"அப்புறம் என்ன, தேனி வீட்ட வித்துரலாம்னு பாக்குறேன்" என்றேன்.